மனம் தத்தளிக்கும் நேரத்துக்கு ஓர் எண்: 14416



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் நோயின் பெயரை எழுத ஓர் இடம் உண்டு. சிறுநீரகம், இதயம், சர்க்கரை, கர்ப்பப்பை என்று தயங்காமல் எழுதுவார்கள். மனநோய் என்று ஒருவர்கூட எழுதிக் கொடுத்ததாக எங்களுக்கு நினைவில்லை. ‘நரம்புத் தளர்ச்சி’ என்றிருக்கும். ‘தூக்கமில்லை, தலைவலி’ என்றிருக்கும். கூடவே இணைத்திருக்கும் மருந்துச் சீட்டைப் பார்த்தால் மனநல மருத்துவர் எழுதியதாக இருக்கும். சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தத் தாய் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “ஜமாஅத்துல யாருக்கும் தெரிய வேணாம் பாய்” என்பார். சரி என்று சொல்லி அனுப்பிவிடுவோம்.

அப்படிச் சொல்லி அனுப்பியதோடு நம் வேலை முடிந்துவிட்டதா என்ற கேள்வி கடந்த நிர்வாகக் கூட்டத்தில் எழுந்தது. நம் மஹல்லாக்களிலும் இளவயது மவுத்துகள் நடக்கின்றன. ‘திடீர்னு நெஞ்சுவலி’ என்று ஊருக்குச் சொல்லி, அவசரமாக அடக்கி, பிறகு அதைப் பற்றிப் பேசாமலே இருந்துவிடும் வீடுகள் இருக்கின்றன. எந்த வீடு என்று கேட்க வேண்டாம். அந்த வீடுகளில் எல்லாம் கடைசி ஒரு வாரத்தில், கடைசி ஓர் இரவில், யாரோ ஒருவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியிருக்கிறது. யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

“நாமே ஒரு ஃபோன் நம்பர் ஆரம்பித்தால் என்ன?” என்று இளைஞர்கள் கேட்டார்கள். நல்ல எண்ணம். ஆனால் யோசித்துப் பார்த்ததில் வேண்டாம் என்று முடிவு செய்தோம். இரவு 2 மணிக்கு அழைப்பு வந்தால் எடுக்க வேண்டும். எடுப்பவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். பெருநாள் அன்றும் எடுக்க வேண்டும். எடுப்பவர் அழைத்தவருக்கு மாமன் மகனாகவோ அடுத்த தெருக்காரராகவோ இருக்கக்கூடாது. திருச்சி மஹல்லாக்களில் இந்தக் கடைசி நிபந்தனை ஒன்றே போதும், காரியம் நடக்காது என்பதற்கு. உயிர் பதறும் நேரத்தில் அடித்து யாரும் எடுக்காத எண்ணைவிட எண்ணே இல்லாமல் இருப்பது மேல். அதோடு, அப்படி ஓர் எண் ஏற்கெனவே இருக்கிறது. நமக்குத்தான் தெரியாது.

அந்த எண் 14416.

2022 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையின் எண் அது. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் இதற்குத் தலைமை மையம். தமிழக அரசு அதே மாதத்தில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இதே எண்ணை நம் மாநிலத்தில் தொடங்கியது. பெயர் இரண்டானாலும் எண் ஒன்றுதான். 24 மணி நேரமும் உண்டு. கட்டணம் இல்லை. தமிழில் பேசலாம். நாடு முழுவதும் இந்த எண்ணுக்கு வந்த அழைப்புகள் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டன.

ஐந்து இலக்கம் என்பதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். கொரோனா சமயத்தில், 2020 செப்டம்பரில், ‘கிரண்’ என்ற பெயரில் இதேபோன்ற ஒரு மனநல எண்ணை மத்திய அரசு தொடங்கியது. 1800-599-0019. பதினோரு இலக்கம். அந்தச் சமயத்தில் அதைக் கேள்விப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அது மனதில் நின்றது? மனம் கலங்கியிருக்கும் நேரத்தில் சொந்தப் பிள்ளையின் கைபேசி எண்ணே மறந்துபோகும். கைநடுக்கத்தில் பதினோரு எண்களை யார் தேடி அழுத்துவது? 108 தமிழ்நாட்டுக்கு வந்தது 2008இல். இன்று அது பள்ளிக்குப் போகாத பாட்டிக்கும் தெரியும். ஆம்புலன்ஸ் என்று சொல்வதைவிட ‘நூற்றெட்டைக் கூப்பிடு’ என்பதுதான் வழக்கமாகிவிட்டது. எண்ணைச் சுருக்கினால் அது எண்ணாக இல்லாமல் ஒரு சொல்லாகிவிடுகிறது.

இதை மற்ற நாட்டுக்காரர்களும் யோசித்திருக்கிறார்கள். லண்டனில் 1953 நவம்பரில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் பேசுவதற்கென்று ஒரு தொலைபேசிச் சேவையைத் தொடங்கினார். பின்னாளில் ‘சமாரிடன்ஸ்’ என்று உலகறிந்த அமைப்பு அது. அவருடைய தேவாலயத்தின் எண் ‘மேன் 9000’. ஒருமுறை கேட்டால் மறக்காது. அமெரிக்காவில் தற்கொலைத் தடுப்பு எண் பல ஆண்டுகள் 1-800-273-8255 என்று இருந்தது. 2022 ஜூலை 16 முதல் அதை வெறும் 988 ஆக்கினார்கள். நம் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இலேயே ‘சிநேகா’ அமைப்பைத் தொடங்கி, இன்றுவரை தொண்டர்களைக் கொண்டு நடத்திவருகிறார்கள்.

14416ஐ எப்படி நினைவில் வைப்பது என்று கூட்டத்திலேயே பேச்சு வந்தது. எங்கள் உறுப்பினர் ஒருவரின் பத்தாம் வகுப்பு மகள் சொன்ன வழிதான் எல்லோருக்கும் பிடித்தது. “நூத்தி நாப்பத்தி நாலு, பதினாறு.” 144 தடை உத்தரவு தெரியாதவர் யார்? பதினாறு, பெரியவர்கள் மணமக்களை வாழ்த்தும் பதினாறு. தடை உத்தரவையும் கல்யாண வாழ்த்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டாளே என்று சிரித்தோம். ஆனால் அன்று கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவரும் அந்த எண்ணை இதுவரை மறக்கவில்லை.

அழைத்தால் என்ன நடக்கும்? முதலில் பதிவு செய்யப்பட்ட குரல், எந்த மொழி என்று கேட்கும். தமிழைத் தேர்ந்தெடுத்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். சில நேரம் காத்திருக்க வேண்டிவரும்; வைத்துவிடாதீர்கள், துண்டிக்கப்பட்டால் மறுபடி அடியுங்கள். என்ன பிரச்சினை என்று அழகாகக் கோவையாகச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. “மனசு சரியில்ல, பயமா இருக்கு” என்றால் போதும். சொல்லவும் முடியாமல் அழுதாலும் அவர்கள் பொறுத்திருப்பார்கள். பேச்சோடு தீருவதாக இருந்தால் அங்கேயே தீரும். மருந்து தேவைப்படும் நிலை என்று தெரிந்தால் மனநல மருத்துவரோடு இணைப்பார்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுவார்கள். பேசியது வெளியே போகாது. வீட்டில் இன்னொருவருக்காக நீங்கள் அழைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. “என் மகன் பத்து நாளா ரூமை விட்டு வரல, நான் என்ன செய்யணும்?” என்று ஓர் அத்தா கேட்கலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒருவர் ஏற்கெனவே எதையாவது சாப்பிட்டுவிட்டார், காயப்படுத்திக்கொண்டார் என்றால் அது 14416க்கான நேரம் அல்ல. உடனே 108. இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது.

திருச்சியில் நேரில் போக வேண்டுமானால் புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனை அது. ஸ்ரீரங்கத்துக் குடும்பங்களுக்கு அவர்களது ஊரிலேயே அரசு மருத்துவமனை உண்டு. முதலில் அங்கே காட்டிவிட்டு, தேவைப்பட்டால் ஆற்றைக் கடந்து புத்தூர் வரலாம். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள். எங்களில் ஒருவர், பெண்களானால் எங்கள் பெண் உறுப்பினர்களில் ஒருவர், கூட வருவோம். எதற்கு என்று யாரிடமும் சொல்ல மாட்டோம்.

இனி, நம் சமுதாயத்துக்குள் பேச வேண்டிய பேச்சு.

ஒருவர் சோர்ந்துபோய் மூலையில் உட்கார்ந்தால் நம் வீடுகளில் முதலில் வரும் சொல், “ஈமான் பத்தல.” அடுத்தது, “யாரோ செஞ்சுட்டாங்க.” மூன்றாவது, “ஒரு நிக்காஹ் முடிச்சு வச்சா சரியாப்போயிடும்.” மூன்றிலுமே மூன்றாவதுதான் பெரிய அநியாயம் என்பது எங்கள் அபிப்பிராயம், ஏனென்றால் அதில் ஒன்றும் அறியாத இன்னொரு பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்துவிடுகிறது.

ஈமான் இருந்தால் மனம் உடையாது என்று மார்க்கம் சொல்லவில்லை. யூசுஃபை இழந்த யஃகூப் நபி (அலை) அழுது அழுது கண்பார்வை மங்கிப்போனதைக் குர்ஆன் சொல்கிறது. கதீஜா நாயகியும் (ரலி) அபூதாலிபும் அடுத்தடுத்து மரணித்த ஆண்டு, நம் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றில் ‘துக்க ஆண்டு’ என்றே பெயர் பெற்றது. எந்த நோய்க்கும் மருந்து உண்டு, மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் வரும் ஹதீஸ்களை நம் ஹஜ்ரத்மார்கள் சர்க்கரை நோய்க்கும் கண்புரைக்கும் எடுத்துச் சொல்கிறார்கள். மனநோய்க்கு மட்டும் அது பொருந்தாது என்று யார் சொன்னது?

நம் முன்னோர்களுக்கு இந்தக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. பல்கு நகரத்துப் பகுதியில் பிறந்த அபூ ஸைத் அல்-பல்கீ (கி.பி. 850–934) உடலுக்கும் மனத்துக்கும் சேர்த்தே ஒரு நலவாழ்வு நூல் எழுதினார். துக்கம் இருவகை என்று அவர் பிரிக்கிறார். இழப்பு, ஏமாற்றம் என்று காரணம் தெரிந்த துக்கம் ஒன்று. எந்தக் காரணமும் இல்லாமல் உடம்பிலிருந்தே எழுந்து ஆளை அமுக்கும் துக்கம் இன்னொன்று. முதலாவதற்குப் பேச்சும் ஆறுதலும், இரண்டாவதற்கு மருந்தும் சேர வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்னால்! உடம்புக்கு அவசர மருந்தை வீட்டில் முன்கூட்டியே வாங்கி வைப்பதுபோல, மனம் நல்ல நிலையில் இருக்கும்போதே அதற்கு வேண்டியதையும் சேர்த்துவைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குத் தனிப் பகுதியே இருந்தது.

அந்த வரலாற்றுக்குச் சொந்தக்காரர்களான நாம் பார்த்த இன்னொன்றும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். ஓட முடியவில்லை. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். குணமாகட்டும் என்று அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. வேறு வழி தெரியாதவர்கள். சம்பவத்தை உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தடை செய்திருக்கிறது.

இது நம் சமுதாயத்துக்கு மட்டும் உள்ள வழக்கம் என்று யாரும் தலைகுனியவும் வேண்டாம். நம்மவர்கள் ஏர்வாடிக்குப் போனால், ஸ்ரீரங்கத்தில் நம் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் தன் தம்பியை முசிறி சாலையில் உள்ள குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். மனநோய்க்காரர்களை அங்கே கொண்டுபோவது தலைமுறை தலைமுறையாக உள்ள நம்பிக்கை. இப்போது கோயிலை ஒட்டி மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது. குஜராத்தில் உனாவா ஊரில் உள்ள மீரா தாத்தார் தர்காவில், துஆ கேட்க வருகிறவர்களை அங்கேயே இருக்கும் மருத்துவரிடமும் அனுப்பும் ‘தவா-துஆ’ திட்டம் 2008 முதல் நடக்கிறது. தவா என்றால் மருந்து. ஓதுகிறவரே “டாக்டரையும் பாருங்கள்” என்று சொல்லும்போது குடும்பம் தட்டாமல் கேட்கிறது.

அதனால்தான் நம் பள்ளிவாசல் இமாம்களிடம் முதலில் போனோம். ஓதுவதை நிறுத்துங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். ஓதி ஊதிவிட்டு, தண்ணீர் போத்தலோடு 14416 என்று எழுதிய சீட்டையும் கையில் கொடுங்கள் என்று கேட்டோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கம்தானே என்று ஒரு ஹஜ்ரத் எங்களைவிட வேகமாகச் சீட்டுகளை வாங்கிக்கொண்டார். இன்னொருவர் கொஞ்சம் யோசித்தார். யோசிக்கட்டும்.

சட்டத்தைப் பற்றிய பயம் தனி. “ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆயிடும்” என்று மணிக்கணக்கில் வீட்டிலேயே வைத்திருந்து உயிரை விட்டவர்கள் உண்டு. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும் 2024 ஜூலை 1 அன்று வந்த புதிய சட்டத்தில் அந்த வடிவில் இல்லை. மருத்துவமனையில் தகவல் பதிவு செய்வார்கள். அது நடைமுறை. அதற்குப் பயந்து ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்க வேண்டாம்.

மறுமையைப் பற்றிய பயமும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்வது ஹராம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடில்லை. ஆனால் அப்படி இறந்தவர் இஸ்லாத்தை விட்டு வெளியேறிவிட்டார், அவருக்குத் தொழுகை கிடையாது என்று பேசுவது அறியாமை. ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் அவருக்குக் குளிப்பாட்டுதலும் ஜனாஸா தொழுகையும் உண்டு. பிள்ளையை இழந்த ஒரு தாயின் காதில் விழும்படி நரகத்தைப் பற்றிப் பேசியவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்த வீட்டில் அடுத்து யார் உடைந்துபோவார் என்று அவர்கள் யோசித்ததில்லை. கணக்கு அல்லாஹ்விடம். நம் வேலை அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோவது, உட்கார்ந்திருப்பது.

2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் 19,834, மாநிலங்களில் இரண்டாவது இடம். நாளொன்றுக்கு 54 பேர். காரணங்களில் முதலாவது குடும்பப் பிரச்சினை, அடுத்தது நோய். இரண்டுமே நம் வீட்டுக்குள் நடப்பவை.

வீட்டில் ஒருவர் மீது சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள். “சாகணும்னு தோணுதா?” என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறோம். அப்படி நடப்பதில்லை என்பது மருத்துவர்களின் அனுபவம். கேட்டவுடன் பலர் அழுதுவிடுவார்கள், அதுவே பாதி பாரம் இறங்கியதுபோல. “அதெல்லாம் பேசாதே, சபுரு செய்” என்று வாயை அடைப்பதுதான் ஆபத்து. அன்றிரவு அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரை டப்பா, பூச்சிமருந்து போன்றவற்றை அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே 14416 அடியுங்கள்.

வளைகுடாவில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஐந்து இலக்க எண் இந்தியாவுக்குள்ளிருந்து அழைப்பதற்கானது. ஆனால் வீட்டில் மனைவியின் குரலில் மாற்றம் தெரிகிறது, பிள்ளை பேசமாட்டேன் என்கிறான் என்றால், இங்கே இருக்கும் நம்பிக்கையான ஒருவரை அடிக்கச் சொல்லலாம். மருமகள்களுக்கு இன்னொரு சிக்கல்: அவர்களுடைய கைபேசியை எடுத்து யார் யாருக்குப் பேசினாய் என்று பார்க்கும் வீடுகள் இருக்கின்றன. மாமியார்மார்களே, அந்தப் பட்டியலில் 14416 என்று கண்டால் கேள்வி கேட்காதீர்கள். அவள் வாழ வேண்டும் என்று நினைத்துத்தான் அடித்திருக்கிறாள். அடி, உதை என்று இருந்தால் பெண்களுக்கான 181 தனியாக உண்டு. தேர்வு முடிவு நேரத்தில் பிள்ளைகளுக்கு அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

14416 எண்ணை அச்சிட்ட சிறிய ஒட்டுத்தாள்கள் தயாராக உள்ளன. குளிர்சாதனப் பெட்டியிலோ மின்சார மீட்டர் பெட்டியிலோ ஒட்டிக்கொள்ளலாம். ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ளவும். ஸ்ரீரங்கத்தில் கடை வைத்திருப்பவர்கள் கூடுதலாக எடுத்துச் சென்று பக்கத்துக் கடைகளுக்கும் ஆட்டோ நிறுத்தத்துக்கும் கொடுங்கள். எண் எல்லோருக்கும் உரியது. வரும் ரமலான் சஹர்–இஃப்தார் அட்டையின் பின்பக்கத்திலும் இன்ஷா அல்லாஹ் இந்த எண் இடம்பெறும். அட்டை அச்சாகும் முன் தங்கள் மஹல்லாவுக்கு எத்தனை வேண்டும் என்று முத்தவல்லிகள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.